வெறுங்கையும் துமுக்கியும்



மொழி காக்கப் பிறந்த இவ்விதழில் கத்திக்கும் துப்பாக்கிக்கும் என்ன வேலை என்று உங்களுள் சிலர் வினவலாம். வினாவில் பிழையில்லை. ஆயின், சொல்லைக் காப்பது எவ்வாறு இனங்காப்பாரின் கடனோ, அவ்வாறே அச்சொல்லைப் பேசும் வாயையும் அவ்வாயைத் தாங்கும் உயிரையும் காப்பதும் அவர்தம் கடனேயாம். கத்தி ஏந்தி வருபவனும் தமிழன். அவன்முன் காக்கிச் சட்டையோடு நிற்பவனும் தமிழன். இருவருள் எவன் வீழினும் ஒரு தமிழ்த்தாயின் வயிறே எரிகின்றது. ஆதலின் இஃது நம் செய்தியே.

துப்பாக்கி என்பது துருக்கியச் சொல்வழி வந்தது என்பது நம் அன்பர்கள் அறிந்ததே. அதனைத் துமுக்கி என்றும், கைக்குள் அடங்கும் சிறியதனைக் கைத்துமுக்கி என்றும் இக்கட்டுரை நெடுக வழங்குவோம்.

திருப்பெரும்புதூர் – சிங்கப்பெருமாள்கோயில் சாலையும் வண்டலூர் – வாலாசாபாத்துச் சாலையும் குறுக்கிடும் இடமே ஒரகடம். நாற்பது ஆண்டுகட்கு முன் ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த மண் அது. இன்று இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், வல்லம், வடகால் என ஊர்தோறும் தொழிற்பேட்டைகள். மகிழுந்தும் சரக்குந்தும் கைப்பேசியும் கண்ணாடியும் அங்கே ஆகின்றன. நிலத்தை விற்றவன் மகன் அவ்வாலையின் வாயிலில் காவல் நிற்கின்றான். ஆலை தள்ளும் கழிவிரும்பை எடுக்கும் உரிமைக்கும், மண்ணடிக்கும் உரிமைக்கும், ஆளனுப்பும் உரிமைக்கும் போட்டி மூள்கின்றது. போட்டி முற்றிய இடத்தில் அரிவாள் பேசுகின்றது. 2023 ஏப்பிரல் 27-இல் வளர்புரம் ஊராட்சித் தலைவர் நசரத்பேட்டையருகே நெடுஞ்சாலையில் நாட்டு வெடிகுண்டு வீசி மறிக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டதை இப்பகுதி மக்கள் இன்னும் மறந்திலர்.

அரிவாள் பேசும் இடத்திற்குத் துமுக்கி வருகின்றது. 2021 அக்குதோபரில் இருங்காட்டுக்கோட்டையருகே ஒரு பெண்ணின் கழுத்து நகையைத் துமுக்கி காட்டிப் பறித்த வடநாட்டார் இருவரைக் காவல்துறை தேடியது; ஒருவன் மறுநாள் சுட்டுக் கொல்லப்பட்டான். காவலர் ஒருவரைத் தாக்கியமையால் சுட நேர்ந்தது என்பது காவல்துறையின் கூற்று. 2023 ஆகத்து 1-இல் கூடுவாஞ்சேரியருகே ஊர்தித் தணிக்கையின்போது உதவி ஆய்வாளர் ஒருவர் வெட்டுப்பட்டார். இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு திசம்பர் 27-இல் காஞ்சிபுரத்தில் காவலர்கள் வெட்டுப்பட்டனர். மீண்டும் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒவ்வொரு முறையும் சொல்லப்படும் தொடர் ஒன்றே: “அரிவாளால் தாக்க வந்தார், தற்காப்பிற்காகச் சுட்டோம்.”

இத்தொடரைக் கேட்டவுடன் நம்பி விடுவாரும் உளர். கேட்டவுடன் பொய்யென்று தள்ளுவாரும் உளர். யான் இவ்விருவரையும் ஒரு வினா வினவ விரும்புகின்றேன். அரிவாளோடு ஒருவன் ஆறடித் தொலைவில் பாயும்போது, இடுப்புறையில் துமுக்கி வைத்திருக்கும் காவலன் உண்மையில் என்ன செய்ய இயலும்? அதனை அவனுக்கு எவரேனும் கற்பித்தனரா?

ஈராண்டுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் என் வீட்டிற்கு வந்தார். உதவி ஆய்வாளர் பணியிலிருப்பவர். இடக்கை முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு தழும்பு. பெயரும் ஊரும் வேண்டா. இரவுச் சுற்றில் இருவர் சண்டையை விலக்கச் சென்றவரை ஒருவன் மீன் வெட்டும் கத்தியால் கீறிவிட்டானாம். “ஐயா, என் வலக்கை தானாகவே உறைக்குப் போய்விட்டது. உறையின் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவன் இருமுறை வெட்டிவிட்டான். எனக்குச் சுடக் கற்றுத் தந்தார்கள். கைப்பூட்டும் கற்றுத் தந்தார்கள். இரண்டையும் ஒருநாளும் ஒன்றாகக் கற்றுத் தரவில்லை,” என்றார். “பிறகு எப்படித் தம்பி பிழைத்தாய்?” என்றேன். “துமுக்கியை மறந்தேன், ஐயா. சிறுவயதில் எங்கள் ஊர்ச் சிலம்பத் திடலில் கற்ற காலடி நினைவிற்கு வந்தது. விலகி அவன் முழங்கையைத் தள்ளினேன். அவன் சாய்ந்தான். உடன் வந்தவர் பிடித்துக்கொண்டார்,” என்றார்.

அன்று அவர் சுட்டிருந்தால் ஒரு பிணம் விழுந்திருக்கும். சுட முயன்றுகொண்டே நின்றிருந்தால் வேறொரு பிணம் விழுந்திருக்கும். காலடி தெரிந்தமையால் இருவர் உயிரும் எஞ்சின. இவ்வொரு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்து.

இனி, செய்தியை அறிவியல் நோக்கிலே ஆராய்வோம். அமெரிக்க நாட்டுச் சால்ட்டு இலேக்கு நகரக் காவல்துறையில் பணியாற்றிய தென்னிசு தூலர் என்பார் 1983-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடி வரும் ஒருவன் 21 அடித் தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகும். தேர்ச்சி பெற்ற ஒருவர் உறையிலிருந்து துமுக்கியை எடுத்துக் குறிதவறாமல் சுடுவதற்கும் ஏறத்தாழ அதே ஒன்றரை நொடி ஆகும் என்பதே அவர் கண்ட செய்தி. 21 அடிக்குள் வருபவனையெல்லாம் சுடலாம் என்று இதற்குப் பொருள் கொண்டாரும் அந்நாட்டில் உண்டு, அஃது பிழை. அத்தொலைவிற்குள் துமுக்கியை மட்டும் நம்பி நில்லாதே என்பதே இதன் நேர்ப்பொருள்.

நம் ஊர்த் தெருவின் அகலம் என்ன? ஆலை வாயிற் காவலறையின் நீளம் என்ன? 21 அடி எங்கே கிடைக்கின்றது? நம் காவலன் குடிமகனோடு பேசும் தொலைவு நாலடி, ஐந்தடி. அத்தொலைவில் கத்தி வந்து சேர அரை நொடியும் வேண்டா. கண் கண்டதை மூளை உணர்ந்து கை அசைவதற்கே கால் நொடி கழிந்துவிடும். எஞ்சிய நேரத்தில் உறையை அவிழ்ப்பதா, துமுக்கியை உருவுவதா, குறி பார்ப்பதா? துமுக்கியின் குழலறையில் குண்டு ஏற்றப்படாமல் இருப்பின், மேற்பகுதியைப் பின்னிழுத்து ஏற்றுதற்கு மற்றைக் கையும் வேண்டும். அந்தக் கையோ கத்தியைத் தடுக்க வேண்டிய கை! இரண்டு கையும் துமுக்கியிடம் போனபின் கழுத்தையும் வயிற்றையும் காப்பது எது?

ஆகவே முறை இது: முதலில் கால், அடுத்துக் கை, இறுதியில் துமுக்கி. கத்தி வரும் நேர்க்கோட்டிலிருந்து கால் விலக வேண்டும். இடக்கை அவன் படைக்கையை முழங்கையளவில் தள்ளவோ பற்றவோ வேண்டும். அவன் நிலை குலைந்து இடைவெளி கிடைத்தபின், இன்னும் கத்தியை விடாது அவன் திரும்பி வருவானாயின், அப்போதே வலக்கை உறைக்குச் செல்ல வேண்டும். எடுத்த துமுக்கியையும் கையை நீட்டிப் பிடிக்கலாகாது, நீட்டினால் பறிபோகும். இடுப்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். அவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டால் துமுக்கி வெளிவரவே தேவையில்லை. இவ்வளவும் ஒரே ஓட்டமாக, ஒரே பாடமாகப் பயிலப்பட வேண்டியவை. சுடுகளத்தில் அசையாத அட்டையைச் சுடுவதும், கூடத்தில் அமைதியாக நிற்கும் தோழனின் கையை முறுக்குவதும் தனித்தனிப் பாடமாக இருக்கும்வரை, தெருவில் அவை ஒன்று சேரா. எழுத்தைத் தனியே கற்று, சொல்லைத் தனியே கற்று, தொடர் எழுதப் பழகாத மாணவன் தேர்வில் தவிப்பது போன்றதே இது. முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் யான் கண்ட உண்மை இது: இணைத்துக் கற்பிக்காததை மாணவன் நெருக்கடியில் இணைத்துக்கொள்ள மாட்டான்.

இவ்விணைப்பு நமக்குப் புதியதா? அன்று! குத்துவரிசை, அடிமுறை, சிலம்பம், களரி ஆகியவற்றைப் பயின்ற ஆசான்மார் படைக்கலத்தையும் வெறுங்கையையும் பிரித்தறியார். களரியில் உடற்பயிற்சி முதலாகவும், கோல் அடுத்தும், வாள் முதலிய கூர்ப்படை அதன்பின்னும், வெறுங்கை இறுதியாகவும் கற்பிக்கப்பெறும். ஏன் வெறுங்கை இறுதி? கத்தியை ஆளத் தெரிந்தவனே கத்தியைத் தடுக்கவும் தெரிந்தவன் என்பதனால்! குமரி நாட்டு அடிமுறையிலே சுவடு என்னும் காலடி வைப்பே அனைத்திற்கும் அடிப்படை. கோல் ஏந்தினும், கத்தி ஏந்தினும், ஒன்றும் ஏந்தாவிடினும் கால் ஒன்றே. அந்தக் காலின்மேல் கைத்துமுக்கியையும் ஏற்றி வைத்தால் என்ன குறை?

பின் ஏன் இவ்வறிவு நம் காவலரிடம் இல்லை? வரலாற்றைப் புரட்டுங்கள். பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்டபின், 1801 திசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு தென்பாளையங்களில் படைக்கலம் ஏந்துவதைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். 1859-இல் சென்னை மாகாணக் காவல்துறைச் சட்டம் வந்தது. 1878-இல் படைக்கலச் சட்டம் வந்தது. படைக்கலம் ஆள்வோன் கைக்கும், அவன் ஊழியன் கைக்கும் போயிற்று. ஊரின் கையில் எஞ்சியது கோவில் விழாவில் சுழற்றிக் காட்டும் கோல் மட்டுமே. ஆசானிடம் கலை இருந்தது, படைக்கலம் இல்லை. காவலனிடம் படைக்கலம் இருந்தது, கலை இல்லை. அன்று பிரிந்த இரண்டும் இன்னும் சேரவில்லை. வெள்ளையன் போய் எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் சேரவில்லை!

2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த ‘கேலோ’ என்னும் இந்திப் பெயரிட்ட இளையோர் விளையாட்டு விழாவில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சியே. ஆனால் காட்சியாகவே அது நின்றுவிடலாமா? கோப்பைக்கும் சான்றிதழுக்கும் பயன்படும் கலை, ஊர்காப்பவன் உயிர் காக்கப் பயன்படலாகாதா?

இங்கே நம்மவர்க்கும் ஒரு கடுஞ்சொல் சொல்லியாக வேண்டும். “எம் கலை ஒன்றே போதும், துமுக்கி எதற்கு? கத்தியை வெறுங்கையால் பறித்துக் காட்டுவேன்” என்று மேடையில் மார்தட்டுவாரும் நம்மிடையே உளர். மெல்ல வரும் மரக்கத்தியைப் பறிப்பது கூத்து. வெறிகொண்டவன் நொடிக்கு இருமுறை குத்தும் கத்தியைப் பறிப்பது வேறு. அங்கே கை வெட்டுப்படவே செய்யும். கழுத்து வெட்டுப்படாமல் காப்பதே கலையின் வெற்றி. பழமை என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவது தமிழ்ப்பற்று ஆகாது. மரக்கத்தியின் அலகில் சுண்ணப்பொடி பூசிக்கொண்டு, முழு விரைவில் தாக்கச் செய்து, உடலில் எங்கெங்கே வெள்ளைக் கோடு விழுகின்றது என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கோடுகள் பொய் சொல்லா. ஆசான் கற்பிப்பதுள் எது நிற்கின்றது, எது வீழ்கின்றது என்று அவையே காட்டும். அவ்வாய்வுக்கு அஞ்சாத ஆசானே நமக்கு வேண்டியவர்.

மற்றொரு தடை எழும். “காவலனுக்கு இன்னும் சுடக் கற்பிப்பதா? இருக்கும் கொலை போதாதா?” என்பர் மாந்தவுரிமை அன்பர்கள். அவர்தம் அச்சம் மெய்யானது. யான் அதனை மதிக்கின்றேன். ஆனால் எண்ணிப் பாருங்கள். கையால் தடுக்கத் தெரியாதவனுக்குத் துமுக்கி ஒன்றே விடை. அச்சம் மிக்கவன் முந்திச் சுடுவான். சுட்டபின் நிறுத்தவும் அறியான். கால், கை, துமுக்கி என்று மூன்று படி கற்றவனுக்கோ மூன்றாம் படிக்கு முன் இரண்டு விடைகள் உண்டு. துமுக்கியை எடுக்கக் கற்பிப்பது மட்டுமன்று இப்பயிற்சி. எடுக்காமல் இருக்கவும், எடுத்ததை மீண்டும் உறையில் இடவும் கற்பிப்பதும் இதுவே.

2025 ஆகத்தில் நடந்ததை நினைவு கூருங்கள். உடுமலையை அடுத்த குடிமங்கலத்தில், 5-ஆம் நாள் நள்ளிரவையொட்டி, ஒரு தோட்டத்தில் தந்தைக்கும் மக்களுக்கும் மூண்ட சண்டையை விலக்கச் சென்ற சிறப்பு உதவி ஆய்வாளர் சண்முகவேல் அரிவாளால் வெட்டிக் கொல்லப்பட்டார். 7-ஆம் நாள் அவ்வழக்கில் தேடப்பட்ட இளைஞன் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் தாக்கியதால் சுட்டோம் என்பதே அங்கும் சொல்லப்பட்டது. மூன்று நாளுக்குள் இரண்டு பிணம்! 2021 நவம்பரில் ஆடு திருடரைத் தனியராய்த் துரத்திச் சென்று பிடித்த நவல்பட்டுச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் கீரனூரையடுத்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் சிக்கியவருள் சிறுவரும் இருந்தனர். அதன்பின் காவல்துறைத் தலைவர் தற்காப்பிற்குத் துமுக்கியைப் பயன்படுத்தத் தயங்க வேண்டா என்றார். சரி. ஆனால், தயங்காதே என்று சொல்வது பயிற்சி ஆகுமா? தயக்கம் நெஞ்சில் இல்லை, ஐயன்மீர்! பழகாத கையில் இருக்கின்றது.

தற்காப்புரிமையைச் சட்டம் எவர்க்கும் மறுக்கவில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் அதனைக் கூறின. 2024 சூலை 1 முதல், நாவில் நுழையா வடமொழிப் பெயர் சூட்டப்பெற்ற புதிய சட்டத்தின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதனையே கூறுகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யலாகாது என்பதே அவ்வுரிமையின் எல்லை. 2014 செப்தம்பரில் உச்ச முறைமன்றம், காவல்துறை மோதலில் நேரும் ஒவ்வொரு சாவிற்கும் வழக்குப் பதிய வேண்டும், தொடர்பற்ற குழுவோ பிற நிலையத்தாரோ ஆராய வேண்டும், நடுவர் உசாவ வேண்டும், நிகழ்ந்த உடனே பணியுயர்வும் மறவிருதும் தரலாகாது என்று நெறி வகுத்தது. ஆராய்வோர் வினவ வேண்டிய வினாக்களுள் ஒன்றை யான் சேர்க்கின்றேன்: “சுடும் முன் கையால் தடுக்க இவர்க்குப் பயிற்சி இருந்ததா? இருந்தும் பயன்படுத்தவில்லையா?” பயிற்சி இருப்பின் மெய்யும் பொய்யும் பிரித்தறிய ஓர் அளவுகோல் கிடைக்கும். பயிற்சி இல்லையேல் எல்லாம் “தற்காப்பு” என்னும் ஒரே போர்வைக்குள் ஒடுங்கும். நேர்மையான காவலனுக்கும் அப்போர்வை இழிவே.

இனி மொழிக்கு வருவோம். அரை நொடியில் நடக்கும் செயலுக்கு மொழிபெயர்க்க நேரமில்லை. ‘விலகு’, ‘தள்ளு’, ‘பற்று’, ‘எடு’, ‘நிறுத்து’, ‘உறையிடு’ என்னும் சொற்கள் தாய்ப்பாலோடு வந்தவை. செவியில் விழுந்தவுடன் கால் அசையும். இவற்றை ஆங்கிலத்திலும் சப்பானியத்திலும் கற்பித்தால், தேர்வு எழுதலாம். உயிர் பிழைக்க முடியுமா? 1968 சனவரி 23-இல், அறிஞர் அண்ணா முதல்வராயிருந்தபோது, சென்னை மாநிலச் சட்டமன்றம் மும்மொழித் திட்டத்தை நீக்கியதோடு, மாணவர் படையில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடா என்றும் தீர்மானித்தது. கட்டளைச் சொல்லின் மொழி சிறு செய்தி அன்று என்பதை அன்றைய மன்றம் உணர்ந்திருந்தது. இன்றைய ஆட்சியாளர் உணர்வாராக! எதிரே கத்தியோடு நிற்பவனுக்கும் “கீழே போடு!” என்னும் தமிழே விளங்கும். ஒரகடத்தில் ஒரியரும் பீகாரியரும் வேலை செய்கின்றனரே என்பீராயின், உரத்த குரலும் நீட்டிய உள்ளங்கையும் எம்மொழியார்க்கும் விளங்கும். காவலன் தன் கைக்கு இடும் கட்டளையோ தன் மொழியிலேயே இருக்க வேண்டும்.

ஆலை வாயிற் காவலரையும் மறவற்க. 2005-ஆம் ஆண்டுத் தனியார் காவல் நிறுவனச் சட்டத்தின்கீழ் நடுவணரசு வகுத்த மாதிரி விதிகள், காவலர்க்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும், இருபது வேலை நாளுக்குக் குறையாமல், தரச் சொல்கின்றன. ஒரகடத்தின் இரவுப் பணி முடித்து வரும் பெண்டிர் ஏறும் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் முதியவரிடம், ‘இப்பயிற்சி உமக்குக் கிடைத்ததா?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் கையில் இருப்பது ஊதலும் கோலும். அந்தக் கோலை ஏந்தவேனும் எவரேனும் கற்பித்தாரா? சிலம்பம் பிறந்த நாட்டில் கோல் பிடிக்கத் தெரியாத காவலன்! இதனினும் நாணத்தக்கது யாது?

ஆகலின், நம் கோரிக்கைகள் இவை:

1. காவலர் பயிற்சிப் பள்ளிகளில் வெறுங்கைத் தற்காப்பும் கைத்துமுக்கிப் பயிற்சியும் ஒரே பாடமாக இணைக்கப்பெற வேண்டும். சுடவியலாத போலித் துமுக்கியும் மரக்கத்தியும் கொண்டே அது நடைபெற வேண்டும்; பயிற்சிக் கூடத்திற்குள் மெய்த்துமுக்கியும் குண்டும் நுழையவே கூடாது.

2. பள்ளியோடு முடியாமல், பணியிலிருப்போர்க்கும் ஆண்டுதோறும் மீள்பயிற்சி தரப்பெற வேண்டும். ஐம்பது அகவை கடந்தும் இரவில் தனியே அனுப்பப்படும் சிறப்பு உதவி ஆய்வாளர்கட்கே முதலிடம் தரப்பெற வேண்டும். தனியே அனுப்புவதே நிறுத்தப்பெறின் அதனினும் நன்று.

3. ஆய்வில் தேறிய குத்துவரிசை, அடிமுறை, சிலம்ப ஆசான்மார் ஊதியத்தோடு பயிற்றுநராக அமர்த்தப்பெற வேண்டும்.

4. கட்டளைச் சொற்கள் அனைத்தும் தமிழில் அமைய வேண்டும்.

5. மோதற் சாவு உசாவல் ஒவ்வொன்றிலும் சுட்டவரின் பயிற்சிப் பதிவு வெளியிடப்பெற வேண்டும்.

6. ஆலை வாயிற் காவலர்க்குக் கோற்பயிற்சி கட்டாயமாக்கப்பெற்று, அதன் செலவை ஆலைகளே ஏற்க வேண்டும்.

அன்பர்களே! கலையைக் காட்சிப் பொருளாக்கியவன் அயலவன். அதனைக் காட்சிப் பொருளாகவே வைத்திருப்பவர் நாம். உங்கள் ஊரில் ஓர் ஆசான் இருப்பின் அவரைத் தேடிச் செல்லுங்கள். உங்கள் உறவில் ஒரு காவலர் இருப்பின் அவரை அவ்வாசானிடம் அழைத்துச் செல்லுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் இவ்வாறு கோரிக்கையையும் எழுதிக் கொடுங்கள். என் மாணவரின் முன்கைத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றே தோன்றுகின்றது. அவரைக் காத்த காலடியைக் கற்பித்தவர் அரசின் ஆசிரியரும் அல்லர், யானும் அல்லேன். மாலை நேரத்தில் ஊர்த்திடலில், ஊதியம் ஏதுமின்றி, சிறுவர்க்குக் கோல் சுழற்றக் கற்பித்த ஒரு முதியவர். அவர் கற்பித்த காலடி அன்றிரவு இருவர் உயிரைக் காத்தது. இன்று அத்திடல் ஓர் ஆலையின் ஊர்தி நிறுத்துமிடம்.

திடல் போயிற்று; கலை போகலாகாது. எழுமின்!